உள்கட்டுப்பாட்டு மதிப்பெண்

ஒரு நிறுவனத்தில் பணமும் சரக்கும் கணக்கும் கைமாறும் இடங்களில் தவறோ திருட்டோ நேராமல் காக்கும் ஏற்பாடுகள் உள்கட்டுப்பாடு எனப்படும். பில் எழுதுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் மூன்றாமவர் என்று வேலையைப் பிரித்து வைப்பது இதன் அடிப்படை. இந்த ஏற்பாடுகளின் உறுதியை எண்ணால் குறிப்பதே உள்கட்டுப்பாட்டு மதிப்பெண். அரை நூற்றாண்டைத் தாண்டிய இம்முயற்சியில் இன்றும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: கட்டுப்பாடுகள் கூட்டிச் சராசரி காண ஏற்றவை அல்ல. ஒன்பது கதவுகள் பூட்டியிருந்து பத்தாவது திறந்து கிடந்தால் அந்த வீட்டுக்குத் தொண்ணூறு மதிப்பெண் போட முடியாது.

மதிப்பெண் வருவதற்கு முன்பே இச்சிக்கலைக் காட்டிவிட்டது அமெரிக்காவின் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மருந்து நிறுவனம். எஃப். டொனால்டு காஸ்டர் என்ற பெயரில் அதன் தலைவராக இருந்தவர் உண்மையில் பிலிப் மியூசிக்கா என்ற பழைய மோசடிக் குற்றவாளி என்பது 1938 டிசம்பரில் அம்பலமானது. அவருடைய சகோதரர்கள் இருவர் வேறு பெயர்களில் நிறுவனத்துக்குள் பொறுப்பில் இருந்தனர். இன்னொருவர் வெளியே இருந்து போலி வணிகத்துக்குத் துணை நின்றார். கணக்கில் காட்டிய சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன, ஏனென்றால் அவற்றைத் தயாரித்தவர்கள் ஒரே குடும்பத்தார். சரக்கைத் தணிக்கையாளர் நேரில் பார்க்க வேண்டும், கடன்பாக்கியைக் கடனாளியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்ற வழக்கம் இதன்பின் நிலைபெற்றது. அமெரிக்கக் கணக்காயர் கழகம் 1949இல் உள்கட்டுப்பாட்டுக்கு விரிவான விளக்கம் தந்தது.

அக்காலத் தணிக்கையாளரின் கருவி கேள்விப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிப்பார். முடிவைத் தன் அனுபவத்தால் சொல்வார். அந்த அனுபவம் எவ்வளவு சீரானது என்று 1974இல் ஆய்வாளர் ராபர்ட் ஆஷ்டன் சோதித்தார். சம்பளப் பட்டுவாடா பற்றிய ஆறு கேள்விகளுக்கான விடைகளை மாற்றி மாற்றி அமைத்து, 63 தணிக்கையாளர்களிடம் கொடுத்து, ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார். அவர்களிடையே ஓரளவு நல்ல ஒற்றுமை தென்பட்டது. வேலைப் பிரிப்பு பற்றிய கேள்விகளுக்கே அவர்கள் அதிக எடை கொடுத்திருந்தனர். ஆனால் பலர் ஒத்துப்போவதும் அவர்கள் சொல்வது சரியாக இருப்பதும் வேறு வேறு. பின்னாளில் வந்த மதிப்பெண்களைப் படிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

அதே 1974இல் பேரி குஷிங் என்ற ஆய்வாளர் வேறு பாதையில் போனார். இயந்திரங்களின் நம்பகத்தன்மையைக் கணக்கிடும் முறையை அவர் கணக்கு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். நூறு பதிவுகளில் ஐந்து தவறாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தவறுகளில் 80 விழுக்காட்டைப் பிடிக்கும் ஒரு சரிபார்ப்பு இருந்தால் ஒன்றே மிஞ்சும்; அதே திறனுள்ள இரண்டாவது சரிபார்ப்புக்குப் பிறகு 0.2தான். நம்பகத்தன்மை 95இலிருந்து 99.8க்கு உயர்கிறது. பெருக்கலில் அமைந்த இக்கணக்கு சராசரியைவிட எவ்வளவோ நேர்மையானது. ஆனால் சரிபார்ப்பவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்ற அனுமானத்தின்மேல் இது நிற்கிறது. இருவரும் கூட்டுச் சேர்ந்தாலோ மேலதிகாரி இருவரையும் மிரட்டினாலோ 99.8க்குப் பொருளில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தணிக்கைத் தரங்கள் ஏற்ற, தணிக்கை தவறும் இடரைக் கணக்கிடும் சூத்திரமும் பெருக்கல் வடிவில் அமைந்தது. கட்டுப்பாடு தவறும் வாய்ப்பு அதில் ஓர் உறுப்பு.

சட்டம் மெதுவாக வந்தது. 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் 30 கோடி டாலருக்கும் அதிகமான ஐயத்துக்குரிய பணப்பட்டுவாடாக்களை ஒப்புக்கொண்ட பிறகு, 1977இல் வெளிநாட்டு ஊழல் நடைமுறைச் சட்டம் உள்கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1979 முதல் அமெரிக்க வங்கிகளுக்கு மேற்பார்வையாளர்கள் 1 முதல் 5 வரை தரம் இட்டனர், 1தான் சிறந்தது. பின்னாளில் கேமல்ஸ் என்று பெயர்பெற்ற இத்தரத்தில் நிர்வாகம் என்ற கூறு உள்கட்டுப்பாட்டையும் எடைபோடுகிறது. அந்த எண் பொதுமக்களுக்குத் தரப்படுவதில்லை. 1992இல் வெளிவந்த, உள்கட்டுப்பாட்டுக்கான கோசோ சட்டகம் ஐந்து கூறுகளை வகுத்தது, 2013இல் அவற்றின்கீழ் 17 கோட்பாடுகளைச் சேர்த்தது. மதிப்பெண் எதையும் அது விதிக்கவில்லை. மென்பொருள் துறையின் முதிர்ச்சிப் படிகளைத் தழுவி 0 முதல் 5 வரை எண்ணிட்டது தகவல் தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளுக்கான கோபிட்.

என்ரான், வேர்ல்டுகாம் என்ற அமெரிக்க நிறுவனங்களின் வீழ்ச்சிகளுக்குப் பின் 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் நடைமுறை மிகக் கறாரானது. கடுமையான குறைபாடு ஒன்றே ஒன்று இருந்தாலும் கட்டுப்பாடு பயனுள்ளது என்று நிர்வாகம் அறிவிக்க முடியாது. பத்தாவது கதவைக் கணக்கில் எடுத்த விதி இதுதான் என்பதால் எந்த மதிப்பெண்ணையும்விட இது உயர்ந்தது. ஆய்வாளர்களுக்கும் இதனால் தரவு கிடைத்தது. 2002 முதல் 2005 வரை குறைபாட்டை வெளியிட்ட 779 நிறுவனங்களை ஆராய்ந்த டாயில், கே, மெக்வே ஆகியோர், அவை பெரும்பாலும் சிறியவை, இளையவை, நிதிநிலை நலிந்தவை, வேகமாக வளர்பவை என்று 2007இல் காட்டினர். ஆனாலும் வெளியான குறைபாடுகளின் எண்ணிக்கை, கண்டுபிடித்துச் சொன்னவற்றை மட்டுமே அளக்கிறது. தேடாத நிறுவனம் இந்த அளவுகோலில் சுத்தமாகத் தெரியும்.

எண்ணாலான முழுக் குறியீட்டை மிக விரிவாகப் பயன்படுத்தும் நாடு சீனா. நிதி அமைச்சகமும் பிற நான்கு அமைப்புகளும் 2008இல் உள்கட்டுப்பாட்டு அடிப்படைத் தரத்தை வெளியிட்டன. அதன்பின் ஷென்சனைச் சேர்ந்த டிபோ நிறுவனம் பங்குச்சந்தை நிறுவனங்களுக்கு 0 முதல் 1000 வரை மதிப்பிடும் குறியீட்டை உருவாக்கியது. உத்தி, செயல்பாடு, அறிக்கை, சட்ட இணக்கம், சொத்துப் பாதுகாப்பு ஆகிய நோக்கங்கள் எந்த அளவு நிறைவேறின என்று பார்த்து, வெளிப்பட்ட குறைபாடுகளுக்காகத் திருத்தம் செய்கிறது அது. விளைவை வைத்துக் காரணத்தை அளப்பதால் நல்ல லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குக் கட்டுப்பாடும் நல்லதாகத் தோன்றும் அபாயம் இதில் உண்டு.

இந்தியாவில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2008இல் நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருது பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ₹5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் ₹5,040 கோடி இல்லவே இல்லை. இந்த மோசடிக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், நிதி சார்ந்த உள்கட்டுப்பாடு போதுமானதா, செயல்படுகிறதா என்று தணிக்கையாளரைச் சொல்லச் சொல்கிறது. எத்தனை மதிப்பெண் என்று கேட்பதில்லை. இடர்களுக்கு எண்ணிட்டு வண்ணப் பட்டியலாக வரையும் வேலை நிறுவனத்துக்குள் நடக்கிறது, அது தணிக்கைக் குழுவின் மேசைவரை போகிறது. பங்குதாரர் படிப்பது தணிக்கையாளரின் கருத்தை மட்டுமே.