கம்பம் திராட்சைப் பந்தலும் 483 பேரும்

காலாண்டு லீவு விட்டதும் வீட்டில் ஒரே கோரிக்கை. "அப்பா, பழத்தை நாமளே பறிக்கிற தோட்டத்துக்குப் போகணும்."

மகள் ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்திருக்கிறாள். அங்கே இலையுதிர் காலம் வந்தால் குடும்பம் குடும்பமாக ஆப்பிள் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கூடையைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். பறித்ததை எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வரலாம்.

மதுரையில் இலையும் உதிராது, ஆப்பிளும் காய்க்காது. நமக்குப் புரட்டாசி, ஐப்பசி என்றால் மழை. ஆனால் மூணு மணி நேரத்தில் கம்பம் இருக்கிறதே!

மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன்தான். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். ஒருத்தர் கவாத்து பண்ணும்போது பக்கத்துத் தோட்டக்காரர் அறுவடை செய்துகொண்டிருப்பார். கவாத்திலிருந்து கணக்குப் போட்டால் நாலு மாசத்துக்குள் பழம்.

அம்மா, மனைவி, மகள், நான். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் என்று வண்டி போனது. அதுவரை ரெண்டு பக்கமும் கரட்டுக் காடு. தேனி தாண்டி, வீரபாண்டி தாண்டினால் படம் மாறிவிடும். சின்னமனூர் வரும்போது நெல், வாழை, தென்னை. மதுரைக்காரர்கள் எத்தனை முறை பார்த்தாலும் கொஞ்சம் பொறாமைப்படும் இடம் அது.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிறுத்தினோம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். கறுப்புக் கொத்துகள் முகத்தில் இடிக்கிற உயரத்தில் தொங்குகின்றன. தோட்டக்காரர் ஒரு கத்திரியையும் பிளாஸ்டிக் டிரேயையும் கொடுத்தார். கூடவே ஒரு பாடமும் எடுத்தார்.

"மேல இருக்கிற பழத்தைப் பாத்து ஏமாந்துறாதீங்க சார். நுனிப் பழத்தைத் தின்னு பாருங்க. நுனி இனிச்சா கொத்து முழுக்க இனிக்கும்."

அறிவியல்படியும் இது சரி. கொத்தில் நுனிதான் கடைசியாகப் பழுக்கும். இன்னொன்று, திராட்சையை வெட்டிவிட்டால் அதற்குமேல் அது பழுக்காது. மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிற மாதிரி இங்கே எதுவும் நடக்காது. புளிப்பாக வெட்டினால் புளிப்புதான்.

(இடையில் டாக்டராக ரெண்டு வார்த்தை. "மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்காமல் பந்தலிலிருந்தே பறித்து வாயில் போடாதீர்கள். ருசி பார்க்கிற நுனிப் பழத்தையும் கழுவிவிட்டே தின்னுங்கள். அஞ்சு வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு முழுப் பழமாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். மூச்சுக்குழலை அடைக்க ஒரே ஒரு திராட்சை போதும். சுகர் இருக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு மேல் ஒரு கொத்து என்று உட்காராதீர்கள், பத்துப் பழத்தோடு எழுந்துவிடுங்கள். ஜூஸ் வேண்டவே வேண்டாம்.)

இந்தப் பழத்துக்கு நம்மூர்ப் பேர் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத்துக்கு இது மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. எனக்கு அதில் ஒரு நெருடல். மஸ்கட் ஹாம்பர்க் என்பது ரெண்டு ஐரோப்பிய ரகங்களின் கலப்பு. இங்கிலாந்தில் அது பேர் எடுத்ததே 1850களுக்குப் பிறகுதான். அப்படியானால் பாதிரியார் கொண்டுவந்தது அதற்கு முந்தைய வேறு கொடியாக இருக்க வேண்டும், இல்லை வருஷக் கணக்கு பிசகியிருக்க வேண்டும். கொடி யார் கொண்டுவந்ததோ இருக்கட்டும். கொடிக்குத் தண்ணீர் யார் கொண்டுவந்தது? இந்த இழையே அதைப் பற்றித்தான்.

எங்கம்மா வாய்க்கால் ஓரமாக நின்று கேட்டதும் அதைத்தான். "இம்புட்டுத் தண்ணி எங்கிட்டிருந்து வருது?"

தோட்டக்காரர் யோசிக்கவே இல்லை. "எல்லாம் பென்னிகுயிக் புண்ணியம்மா."

கம்பம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். கும்பிடத்தக்க வேலைதான் அது. ஆனால் அணையின் கதையில் அவருக்கு முன்னாலும் ஆட்கள் உண்டு, அவருக்குக் கீழும் ஆட்கள் உண்டு.

முன்னால் இருந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விட்டால் என்ன என்று 1789-லேயே யோசித்தவர், ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை. செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, இது நடக்காத கனவு, இனி இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

1850-ல் மண் அணை ஒன்று கட்டப் பார்த்தார்கள். அது ஏன் நின்றது தெரியுமா? கூலி ஆட்கள், "இந்த இடத்தில் உடம்பு கெட்டுப்போகுது, கூலியைக் கூட்டிக் கொடு" என்று கேட்டார்கள். வேலையே கைவிடப்பட்டது.

பொறியியல் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். ஒரு டாக்டருக்கு அந்த வரியைத் தாண்ட முடியாது. அந்த மலை ஆளைக் கொல்லும் என்று, படித்தவர்களுக்கு முன்னாலேயே கூலிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமை எலும்பும் தோலுமானது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு இந்தத் திட்டத்தை யாரும் கனவு என்று சொல்லவில்லை. 1882-ல் பொறுப்பு பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கியது.

இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். அடர்ந்த காடு, யானை, ஓயாத மழை. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. ராணுவத்தின் பயோனியர் படைப்பிரிவினர், கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள், சமவெளியிலிருந்து ஏறிய கூலி ஆட்கள். எல்லோரும் அந்தக் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுத் தங்கினார்கள்.

அங்கே பிடித்தது மலைக்காய்ச்சல். இன்றைய பேரில் மலேரியா.

அணை வேலையில் நோய்க்குப் பலியானவர்கள் 483 பேர். அணைக்குச் சற்று வடக்கே, அங்கேயே ஒரு மயானத்தில் புதைத்தார்கள்.

ஏன் அவ்வளவு பேர்? இன்று பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு நன்றாக வளரும். மரத்தை வெட்டி, மண்ணைத் தோண்டினால் தேங்கும் குட்டைகள் கூடும். அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லாத சமவெளி ஆட்களைக் கூட்டமாகத் தூங்க வையுங்கள். அதில் ஒருத்தன் ரத்தத்தில் கிருமி இருந்தால் போதும், கொசு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு வரிகூட அன்றைக்கு முகாமில் இருந்த மருத்துவர்களுக்குத் தெரியாது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். 1880-லேயே அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைப் பார்த்துவிட்டார். ஆனால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? அதுதான் பிடிபடவில்லை. குயினின் இருந்தது. அதைத் தரும் சின்கோனா மரத்தை 1860களிலிருந்தே நீலகிரியில் அரசு வளர்த்துவந்தது. காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து உண்டு. வராமல் தடுக்க கொசுவலையைக் கட்டு என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை.

அணை வேலையில் இருந்த மெக்கன்சி என்ற பொறியாளர் 1899-ல் இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். சாராயம் மட்டும் இல்லையென்றால் அணையை முடித்தே இருக்க முடியாது என்கிற பொருளில் அதில் சொல்கிறார். சாராயம் மலேரியாக் கிருமியை ஒன்றும் செய்யாது நண்பர்களே. ஈரத்திலும் குளிரிலும் கிடந்தவன் அதைக் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான். பக்கத்துப் பாயில் கிடந்தவன் காலையில் எழுந்திருக்காததை மறந்திருப்பான்.

1895 அக்டோபர் 10. சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். மலையைக் குடைந்த, ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம் வழியாகப் பெரியாறு கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு நனைந்தது, வைகையில் கலந்தது, மேலூர் வரைக்கும் போனது.

இனி வருவதுதான் என்னை ரொம்ப நாளாகத் தூங்கவிடாத விஷயம்.

அதே 1895-ல், அணை திறப்பதற்கு ஒரு மாசம் முன்னால், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். அவர் மண்டையில் ஓடியதெல்லாம் மலேரியாவும் கொசுவும்தான். 1897-ல் ஊட்டிக்கு வந்தவர், காய்ச்சலுக்குப் பேர் போன சீகூர்ப் பக்கம் இறங்கி ஆராயப் போய்த் தனக்கே மலேரியாவை வாங்கிக்கொண்டார். பிழைத்து செகந்திராபாத் போனார். அங்கே உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்க விட்டார். கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி! கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி இருந்தது. 1902-ல் நோபல் பரிசு.

அணை திறந்து ரெண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

மருத்துவம் படித்தவனுக்கு இந்த மாதிரிக் கணக்கு மனசை அறுக்கும். ஆராய்ச்சி பத்து வருஷம் முந்தியிருந்தால் முகாமில் வலை கட்டியிருப்பார்கள், குட்டையை மூடியிருப்பார்கள், அந்த 483-ல் பாதிப் பேராவது ஊர் திரும்பியிருப்பார்கள் என்று தோன்றும். அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றும். கொசு தெரியாவிட்டாலும் இடம் ஆகாது என்பது 1850-லேயே தெரியுமே. கூலிக்காரன் வாயால் சொன்னானே. அதற்கு யார் என்ன செய்தார்கள்?

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து கழுவிய பழத்தைத் தின்றுகொண்டே இவ்வளவையும் மகளுக்குச் சொன்னேன். என் மனைவி ரெண்டு முறை முறைத்தாள், லீவில் கூடவா கிளாஸ் என்று. மகள் கேட்டாள், "நாம அந்த இடத்தைப் போய்ப் பாக்கலாமா?" நினைத்தவுடன் போகிற இடமில்லை அது. கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அதனால் லோயர் கேம்ப் வரை வண்டியை விட்டேன். மலைச் சரிவில் இறங்கும் நாலு ராட்சதக் குழாய்களைக் காட்டினேன். மின்சாரத்துக்காக அணைக்கு ரொம்பப் பிற்காலத்தில் வந்த குழாய்கள் அவை. தண்ணீர் மட்டும் அதே தண்ணீர்.

(இந்த மழைக்காலத்தில் மலைப்பக்கம் தோட்டம் துரவுக்குப் போய்விட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெங்கு, மலேரியா மட்டுமில்லை, புதரில் இருக்கும் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸும் உண்டு. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல் கறுப்புப் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். அது வலிக்காது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும்.)

தோட்டத்தில் நாங்கள் பறித்தது மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எடை போட்டுக் காசு கொடுத்தபோது அம்மா வழக்கம்போல் பேரம் பேசினார். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கொத்தைக் கூடுதலாக வைத்தார்.

"தை மாசம் வாங்கம்மா. பென்னிகுயிக் அய்யாவுக்குப் பொங்கல் வைப்போம்."

மகள் உடனே கேட்டுவிட்டாள், "அந்த 483 பேருக்கும் வைப்பீங்களா அங்கிள்?"

அவர் கையிலிருந்த கத்திரியைக் கல்தூண் ஆணியில் மாட்டினார். "நம்ம ஆளுகதான பாப்பா. நீ வா, அவுங்களுக்கும் சேத்தே ஒரு பானை வச்சுருவோம்" என்றார்.

ஜனவரி 15-க்கு லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.