தடைக்கும் ஒரு தாள் இருந்தது

திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. கந்த சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனின் தலை விழும்போது, இந்த ஐந்தாம் படைவீட்டில் முருகனுக்குப் பூவால் அர்ச்சனை நடந்துகொண்டிருக்கும். போர் முடித்து, சினம் தணிந்து வந்து நின்ற மலை என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வள்ளியைக் கைப்பிடித்ததும் இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. அந்த மலையில்தான் 2020 நவம்பர் 6 அன்று அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் எல். முருகன் வெற்றிவேல் யாத்திரையைத் தொடங்க வந்தார். கொரோனாவைக் காட்டி அரசு அனுமதி மறுத்திருந்தது. சாமி கும்பிட்டுக் கிளம்பியவரைப் போலீஸ் பிடித்தது. யாத்திரைக்குச் சொல்லப்பட்ட காரணம் அந்த ஆண்டு ஜூலையில் வெடித்த சண்டை: கறுப்பர் கூட்டம் என்ற யூடியூப் சேனல் கந்த சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்தியது என்ற புகார். சென்னை மத்திய குற்றப் பிரிவு வழக்குப் போட்டது, கைதுகள் நடந்தன, குண்டர் சட்டமும் பாய்ந்தது. சேனலில் இருந்த நூற்றுக்கணக்கான வீடியோக்களும் மறைந்தன. அடுத்த ஜனவரியில் மு.க. ஸ்டாலின் திருத்தணித் தொகுதிக் கூட்டமொன்றில் கையில் வெள்ளி வேலோடு நின்ற படம் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு வீடியோ இத்தனையையும் கிளப்பிவிட்டுத் தான் மட்டும் இல்லாமல் போயிற்று. இங்கே எனக்கு விஷயம் அந்த இல்லாமல் போனதுதான். பாட்டையும் மேடையையும் அரசு தடுப்பது தமிழ்நாட்டுக்குப் பழைய சங்கதி. தடுத்ததற்கு ஒரு தாள்கூட மிஞ்சாமல் போவது புதிது.

பழைய சங்கதியும் வள்ளி கதைக்குள்ளேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகக்காரர்களின் கையில் விடிய விடிய நடந்த காலம் அது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை இல்லாமல், கதை எல்லோருக்கும் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். வசனம் அங்கேயே பிறக்கும்; பாட்டு அவரவர் கொண்டுவந்தது. எழுதிய பிரதியை முன்கூட்டி வாங்கிப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு இது பெரிய தலைவலி. கையில் கொடுத்த பிரதியில் தினைப்புனமும் ஆலோலமும்தான் இருக்கும். கிளி விரட்டும் காட்சி வந்ததும் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டு மேடையேறும். வயலில் இறங்கித் தின்றுவிட்டுப் பறக்கும் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு அது. கொக்கு யாரென்று கொட்டகையில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, மூலையில் நிற்கும் போலீஸ்காரர் உட்பட. அதைப் பாடிப் புகழ்பெற்ற எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர், மருத்துவர் சமூகம். முருகனாக வேடம் கட்டினாலும் சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. அந்தப் பக்கம் சாதி, இந்தப் பக்கம் போலீஸ்; இரண்டுக்கும் நடுவே பாடிக்கொண்டே பலமுறை சிறைக்குப் போய் வந்தார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமணத்தில், முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று.

அதே டிசம்பர் 31 திருத்தணியில் படித் திருவிழா நாள். ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் பூசை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடியபடி ஏறுவது வழக்கம். முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. ஜனவரி முதல் தேதி எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரைகளின் பங்களா வாசலில் காத்து நிற்பதைவிட, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனைப் போய்ப் பார்க்கலாமே என்று அவர் அழைத்ததாகச் சொல்வார்கள். கதையில் மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் அதில் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது. திருப்புகழை எந்தக் கலெக்டரும் பறிமுதல் செய்ய முடியாது. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி அச்சேற்றிய நூல் அது. அவரே ஜில்லா முன்சீபாக அரசு உத்தியோகம் பார்த்தவர். பாட்டில் அரசியல் இல்லை, பாடும் நாளில் இருந்தது. ஆலோலத்துக்குள் கொக்கை நுழைத்தவர் ஒரு வகை, புத்தாண்டுக்குள் முருகனை நுழைத்தவர் இன்னொரு வகை.

அரசின் கையில் இருந்த கருவிகள் கூர்மையானவை. வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டிக் கல்கத்தாவில் போட்ட கேலி நாடகத்தால் சினந்து 1876இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், 1918இல் சினிமாவுக்கு என்று ஒரு சட்டம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு: எழுத்தில் நடக்கும். 1910ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நூலைப் பறிக்க வேண்டுமானால், காரணம் சொல்லி அரசிதழில் அறிவிக்க வேண்டும். 1928இல் பாரதியின் பாடல் நூல்களைப் பர்மா அரசு தடை செய்ய, சென்னை அரசும் பின்தொடர்ந்து பிரதிகளை அள்ளியது. எந்த நூல், எந்த நாள், எந்தச் சட்டம் என்பதெல்லாம் வெளியில் தெரிந்திருந்ததால்தான் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து அரசைக் குடைய முடிந்தது. பறிமுதலான துண்டுப் பிரசுரங்களும் ஓரணாப் பாட்டுப் புத்தகங்களும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் நாடக மேடையின் தேசிய அரசியலை எழுத உட்கார்ந்தபோது, அன்றைய ரகசியப் போலீஸின் குறிப்புகளும் அவர்களுக்கு உதவின. வீட்டில் வைத்திருக்கப் பயந்து ஜனங்கள் கிணற்றில் போட்டிருக்கக்கூடிய பாட்டை அரசே நம்பர் போட்டுக் கட்டி வைத்தது. வேடிக்கைதான்.

வெள்ளைக்காரன் காலத்தைப் பொற்காலமாக்குகிறேன் என்று இதற்குள் ஒருவர் கோபித்துக்கொள்வார். கோபம் நியாயமானது. தாளில் எழுதி வைத்ததால் சிறைச் சோறு இனித்துவிடவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும் நம்மவர் அதே வழியில்தான் நடந்தார்கள். எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் உறுத்தியதும் சென்னை அரசு 1954இல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. இதில் திருத்தணிக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போன ஊர் இது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்ததும் சித்தூரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அதைத் தமிழ்நாட்டுக்கு மீட்டுக் கொடுத்தன. ஆக 1954ஆம் ஆண்டுச் சட்டம் அரக்கோணம் வரை வந்து, அடுத்த சில மைல்களில் நின்றுவிட்டது. பழைய தடைக்குப் பூகோளம் இருந்தது. பாரதி 1908இல் புதுச்சேரிக்கு நழுவியதும் இதே பூகோளத்தை நம்பித்தான். 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்துக்கு முடிவு வந்ததும் தாளில்தான். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுக்க, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ரத்து செய்தது. அச்சில் இருந்த சட்டம், பெயர் தெரிந்த எதிர்வாதி, படித்துப் பார்க்கக் கூடிய உத்தரவு. தாமதமானாலும் சண்டை போட ஆள் அகப்பட்டார்.

இணையத்துக்கு வந்தால் இந்த மூன்றும் மங்குகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு ஒரு வீடியோவையோ தளத்தையோ மறைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009இல் வந்த அதன் விதிகளில் 16ஆவது, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது, 69ஏ பிரிவை விட்டு வைத்தது. விட்டு வைத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆகவே பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வரலாம் என்பது. எழுதிய தாள் பெட்டிக்குள் பூட்டியிருந்தால் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது? 2023 ஜனவரியில் குஜராத் கலவரம் பற்றிய பிபிசி ஆவணப்படத்தை மறைத்தபோது, அவசர அதிகாரத்தைப் பயன்படுத்திய சேதி வந்ததே தவிர உத்தரவு வரவில்லை. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடங்கியபோது, வாசகர்களுக்கு முதலில் தெரிந்தது தளம் திறக்கவில்லை என்பதுதான். ஒரு சித்திரத்துக்காக மொத்தத் தளமும். நீதிமன்றம் போய், சித்திரத்தை எடுத்த பிறகு மீண்டது. 1987இல் இதே விகடனின் ஆசிரியரை ஓர் அட்டைப்பட ஜோக்குக்காகத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அது அக்கிரமம் என்று நாடே பேசியதற்குக் காரணம், அது சபையில், எல்லோர் கண்ணெதிரே நடந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ராயல் தியேட்டரில் கூடும் கூட்டம் சில நூறு பேர். ஒரு வீடியோ ஒரு மணி நேரத்தில் லட்சம் பேரைத் தொடும், கலவரத்தையும் மூட்டும். அரசிதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் வேகம் வேறு, ரகசியம் வேறு. அவசரத்துக்கு மறைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதன் பிறகாவது உத்தரவை வெளியிட என்ன தடை? இன்னொரு மறுப்பு நேரடியாகக் கறுப்பர் கூட்டத்தைப் பற்றியது. சூலமங்கலம் சகோதரிகள் குரலில் வீட்டுக்கு வீடு விடியற்காலையில் ஒலிக்கும் கவசத்தை ஆபாசமாகப் பேசியதும், 1920களில் கொக்குப் பாட்டுப் பாடியதும் ஒன்றா? ஒன்றில்லை. பக்தர்கள் புண்பட்டது உண்மை. வழக்குப் போடுவதும் சட்டத்தில் உள்ள வழி. ஆனால் வழக்கு ஒரு வீடியோவைப் பற்றியது, போனது நூற்றுக்கணக்கில். மற்றவற்றில் என்ன இருந்தது, எது யாரைப் புண்படுத்தியது என்று எந்த நீதிபதியும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு அவை போகவில்லை. பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் இதில் ஒரே நஷ்டம்: கண்டித்து எழுத நினைப்பவரும் இப்போது மூலத்தைப் பார்க்க முடியாது.

மூலம் ஏன் நம் கையில் இல்லை? இசைத்தட்டும் கேசட்டும் இருந்தவரை கேட்டவன் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. கே.பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டை ஒரு வீட்டில் பறித்தால் அடுத்த வீட்டில் கிராமபோன் சுற்றிக்கொண்டிருக்கும். கணினி வந்தபோதும் அந்த வசதி தொடர்ந்திருக்கலாம். பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியில் பிறந்த விஎல்சி போன்ற கட்டற்ற பிளேயர்கள், கையில் உள்ள எந்தக் கோப்பையும் யாரையும் கேட்காமல் ஓட்டும். ஆனால் அவை நம் ஆட்களைக் கட்டிப் போடவில்லை. சூலமங்கலம் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று பாடகிகளாகப் பிரித்துக் காட்டும். ஒரே கவசம் மூன்று ஆல்பமாகச் சிதறிக் கிடக்கும். கணினியில் சேர்த்தது தானாகக் கைபேசிக்கு வராது. பட்டியலை அடுக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது? யூடியூபில் இரண்டு எழுத்து தட்டினால் கவசம் வந்து நிற்கிறது. அப்படித்தான் பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டோம். இதில் பழியை அரசின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் அரசும் சும்மா இருக்கவில்லை. 2022இல் விஎல்சியைத் தரவிறக்கும் வீடியோலேன் தளமே இந்தியாவில் பல மாதம் திறக்காமல் கிடந்தது. தடை உத்தரவின் நகலைக் கேட்டு அந்த அமைப்பு அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது; நவம்பரில் தடை நீங்கியது. பாட்டை அல்ல, பாட்டுப் பெட்டியையே பூட்டிய அந்த மாதங்களில், எதற்காகப் பூட்டினார்கள் என்று பெட்டி செய்தவருக்கே தெரியவில்லை.

விஸ்வநாத தாஸ் என்ன பாடினார் என்று இன்று தேடுகிறவருக்குப் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, பறிமுதல் அறிவிப்பு இருக்கிறது, போலீஸ் குறிப்பு இருக்கிறது. 2020 ஜூலையில் கவசத்தைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று தேடுகிறவர் சென்னை போலீஸின் வழக்கு ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். அதோடு போன மற்ற வீடியோக்களுக்கு அந்த ஏடும் இல்லை.