ஊசியும் ஊர்ப்பெயரும்: பாராமகால் எல்லைப்பகுதி லம்பாடிப் பெண்களின் தையல் சங்கம்

ஆய்வுச்சுருக்கம்

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் மரபு இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, 2006 ஆம் ஆண்டுக்குப்பின் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ஒரு சங்கமாக மீண்டும் உருப்பெற்றது. இதனை 'அழிந்த கலையின் மீட்பு' என்று சுருக்கிக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தையலைக் கைவிட்டது மறதி அன்று, ஒரு சமூகத்தின் முடிவு. அதனை மீண்டும் எடுத்ததும் அவ்வாறே. கர்நாடகத்தின் சண்டூர், வடகன்னடப் பகுதிகளிலும் நீலகிரியிலும் உள்ள ஒத்த அமைப்புகளுடன் ஒப்பிட்டு, இடம்பெயர்ந்த சமூகம் ஒன்றின் கைவினைக்குப் பெயரிடும் உரிமை யாருடையது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: லம்பாடி, பாராமகால், போர்கை, ஒட்டுத்தையல், கௌதி, புவிசார் குறியீடு.

முன்னுரை

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஒகேனக்கல்லுக்குச் செல்லும் மலைச்சாலையில் அஞ்செட்டி அமைந்துள்ளது. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் ஒரே சந்தையில் புழங்கும் ஊர் அது. மேற்கே சிறிது தொலைவில் கர்நாடக எல்லை தொடங்குகிறது. பழைய சேலம் மாவட்டத்தைத் தலகாட், பாராமகால், பாலகாட் என மூன்றாகப் பகுத்துக் கூறுவது ஆங்கிலேய ஆட்சியின் வழக்கம். இவற்றுள் அஞ்செட்டியும் ஓசூரும் மேட்டுநிலமான பாலகாட்டைச் சேர்ந்தவை. அதற்குக் கிழக்கே கிருஷ்ணகிரி, தருமபுரிச் சமவெளியாகிய பாராமகால் விரிகிறது. அதன் தென்கிழக்கு விளிம்பில், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. 1965 இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004 இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டமையால் இன்று தனித்தனியாகத் தோன்றும் இவ்வூர்கள், லம்பாடிகளின் வரலாற்றைப் பொறுத்தவரை ஒரே நிலப்பரப்பின் இரு முனைகளாகும்.

'கில்டு' என்னும் சொல்லைத் தமிழ் வரலாற்றாய்வு ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்களுக்கே பெரிதும் பயன்படுத்தி வந்துள்ளது. அக்குழுக்கள் கல்வெட்டு பொறித்தன. ஆகவே வரலாற்றில் இடம்பெற்றன. திண்ணையில் கூடித் துணி தைக்கும் பெண்களுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்களுடைய ஆவணம் துணிதான். அதுவும் நைந்துபோகும் ஆவணம்.

பொதிமாட்டு வணிகமும் பாராமகாலும்

லம்பாடிகள் இராசத்தானத்தைத் தம் பூர்விகமாகக் கொள்ளும் பொதிமாட்டு வணிகர்கள். அவர்கள் பேசும் மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. தனி எழுத்து வடிவம் இல்லாதது. முகலாயப் படைகளுடன் தக்காணத்துக்கு வந்த அவர்கள் தானியமும் உப்பும் சுமந்து தெற்கே பரவினர். ஆங்கிலேய ஆவணங்கள் 'பிரிஞ்சாரி' என்று குறிப்பிடுவது இவர்களையே.

மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–92) காரன்வாலிசின் படை 1791 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தை நெருங்கியும், உணவும் மாடுகளும் இன்மையால் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டின் படையெடுப்பு நிலைத்து நின்றதற்குப் பிரிஞ்சாரிகளின் தானிய வரத்து முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அவ்வரத்தை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவராகிய கேப்டன் அலெக்சாண்டர் ரீட், 1792 உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபின் அதன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாகப் பணியாற்றினார். நிலவருவாய் வரலாற்றில் ரயத்துவாரி முறையின் தொடக்கமாகப் பேசப்படும் இந்நிகழ்வு, லம்பாடிகள் நோக்கில் வேறொரு பொருள் தருகிறது. தங்கள் பொதிமாடுகளால் வென்ற நிலத்தை அரசு அளந்து பட்டா வழங்கியபோது, நிலையாக ஓரிடத்தில் உழாதவர்களுக்கு அந்த அளவையில் இடமில்லை.

1862 இல் நிறைவுற்ற சென்னை–பேப்பூர் இருப்புப்பாதை ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியாகச் சென்றது. பெங்களூர்க் கிளையும் விரைவில் இயங்கத் தொடங்கியது. பொதிமாட்டு வணிகம் அதன்பின் மீளவில்லை. தொழிலிழந்த தாண்டாக்கள் (லம்பாடிக் குடியிருப்புகள்) மலையடிவாரங்களில் கூலி வேளாண்மைக்கும் விறகு விற்பனைக்கும் தள்ளப்பட்டன. 1871 இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. அலைந்து திரியும் வாழ்வே ஐயத்துக்குரியதாயிற்று.

ஆடை மாற்றம்: மறதியா, முடிவா?

எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் லம்பாடிப் பெண்களின் உடை தனிக் கவனம் பெறுகிறது. பூத்தையலிட்ட பாவாடையாகிய 'பேட்டியா', முதுகுத் திறப்புள்ள 'காஞ்சளி', தலைமுக்காடு, கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம் ஆகியன அவ்வுடையின் கூறுகள். துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தைப்பதும், அடுக்குத் துணிகளை ஓட்டுத்தையலால் பிணைப்பதும் இம்மரபின் அடிப்படை. வடிவத்தைத் துணியில் வரைந்துகொள்ளும் வழக்கம் இல்லை. இழைகளை எண்ணியே ஊசி செல்லும். எனவே தைப்பவளின் நினைவில்தான் வடிவம் இருந்தது. ஒரு தலைமுறை தைக்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குப் பார்த்துப் படிக்க ஏடு எதுவும் எஞ்சாது.

பாராமகால் தாண்டாக்களில் அதுவே நேர்ந்தது. சிட்லிங்கியில் ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளாகத் தையல் வழக்கில் இல்லை; சேலை வந்தபின் பேட்டியா பெட்டிக்குள் சென்றது. இதனை நாகரிக வளர்ச்சியின் இயல்பான விளைவு என்றோ, இளையோரின் அக்கறையின்மை என்றோ கூறுவது இதழியல் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. அக்கூற்றை ஏற்பதற்கில்லை. தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் உடை, குற்றப்பரம்பரை என்னும் பழி படிந்த காலத்தில் அணிபவளுக்குச் சுமையாகும். சந்தையிலும் கூலி வேலையிலும் பிற பெண்களிலிருந்து வேறுபடாமல் நிற்பதற்குச் சேலை உதவியது. அச்சட்டம் 1952 ஆகஸ்ட் 31 இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. பழி அன்றே நீங்கிவிடவில்லை. இப்பின்புலத்தில் ஊசியைக் கீழே வைத்தது தற்காப்புக்கான முடிவு என்றே கொள்ளத் தகும்.

மாநில எல்லையும் இதில் பங்கு வகித்தது. 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இச்சமூகம் ஆந்திரத்தில் பழங்குடியினர் பட்டியலிலும், கர்நாடகம் முழுவதிலும் பட்டியல் சாதியினர் வரிசையிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் லம்பாடிகள் பிற்படுத்தப்பட்டோர். அஞ்செட்டியை ஒட்டிய எல்லைக்கோட்டைக் கடந்தால் அதே மொழி பேசும் உறவினரின் சட்டநிலை மாறிவிடும். கைவினைப் பயிற்சி, விற்பனை உதவி முதலிய பழங்குடி நலத்திட்டங்கள் தமிழ்நாட்டுத் தாண்டாக்களை எட்டாமைக்கு இப்பட்டியல் வேறுபாடும் ஒரு காரணம்.

மருத்துவமனை வழியே வந்த ஊசி

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர், லம்பாடிகள் சிறுபான்மையினர். மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993 இல் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பை அங்கு ஒரு குடிசையில் தொடங்கினர். உள்ளூர்ப் பெண்களே நலப்பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். பிழைப்புக்காகக் குடும்பங்கள் திருப்பூர் முதலிய ஊர்களுக்கு இடம்பெயர்வதும், மானாவாரி வேளாண்மை கடனில் முடிவதும் நோயின் வேர்களாக உணரப்பட்டபோது, மருத்துவப் பணி வேளாண்மையை நோக்கி விரிந்தது. சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் அவ்வாறு உருவானது. தையல் அதன்பின் வந்தது.

இவ்வரிசைமுறை கருதத்தக்கது. கைவினை வளர்ச்சிக்கென வந்த எந்த நிறுவனமும் இத்தையலைக் கண்டெடுக்கவில்லை. பேறுகாலத்துக்கு வந்த பெண்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகளாக வளர்ந்த நம்பிக்கையே பெட்டிக்குள் இருந்த துணியை வெளியே கொணர்ந்தது. தைக்கத் தெரிந்த மூத்த பெண்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். பழைய ஆடைகளிலிருந்து வடிவங்களைத் திரட்டி அவர்கள் இளையோருக்குக் கற்பித்தனர். 2006 இல் 'போர்கை' என்னும் பெயரில் கைவினைஞர் சங்கம் அமைந்தது. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். ஏறத்தாழ 60 பெண்கள் இதில் இணைந்ததாகச் செய்திக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன.

சங்கத்தின் இயக்கம் வேளாண்மையின் நாட்காட்டியோடு பிணைந்தது. துணியையும் நூலையும் பெற்றுச் சென்று வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் இடையே பூத்தையல் இடுகின்றனர். வெட்டுதல், இணைத்தல், அளவு பார்த்தல் ஆகியன பொது இடத்தில் நிகழ்கின்றன. இயற்கை முறையில் விளைந்த பருத்தியும் இயற்கைச் சாயமும் பயன்படுவதால் விவசாயிகள் சங்கமும் தையல் சங்கமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தைத்த பொருள் இப்போது பேட்டியா அன்று. குர்த்தா, பை, மெத்தை உறை, படுக்கை விரிப்பு. தைப்பவர் உடுத்திய துணி, வாங்குபவர் வீட்டுப் பொருளாகிவிட்டது. இம்மாற்றத்தை மரபின் சிதைவு என்று வருந்துவோர், அப்பெண்கள் மீண்டும் பேட்டியா அணிய வேண்டும் என்று தாம் எதிர்பார்க்கிறோமா என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

எல்லையின் மறுமுனையில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இளம்பெண்களின் உழைப்பை மின்னணு ஆலைகள் ஈர்த்து வருகின்றன. மாதச் சம்பளமும் விடுதி வாழ்வும் தரும் தன்னுரிமையை வீட்டிலிருந்து செய்யும் தையல் தர இயலாது. ஆலை தராத ஒன்று சங்கத்தில் உண்டு: பாட்டியிடம் பேத்தி கற்கும் நிலை. திருப்பூரில் தையல் இயந்திரத்தில் அமர்ந்த பெண்ணுக்கு அவளுடைய பாட்டியின் தையலறிவு ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை.

கௌதியும் கவண்டும்

பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கிப் போர்வையாகத் தைப்பதைக் கன்னடத்தில் 'கௌதி' என்பர். லம்பாடிப் பூத்தையலுக்குப் பொதுவாகக் கூறப்படும் பதினான்கு தையல் வகைகளுள் ஒன்றின் பெயரும் கௌதியே. வடமொழிகளில் அச்சொல் சோழியைக் குறிக்கும். சோழியும் இதே ஆடையில் தைக்கப்படும் பொருள்.

ஒட்டுத்துணிப் போர்வைக்கெனவே அமைந்த சங்கம் வடகன்னட மாவட்டத்துச் சித்திகளுடையது. ஆப்பிரிக்க வழிவந்த இச்சமூகத்தின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவண்டு' என்று பெயர். ஒரு மூலையில் தொடங்கி ஓரங்களைச் சுற்றிவந்து நடுவை அடைவது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் 'பூலா' என்னும் மடிப்புப் பூவைத் தைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாகக் கூறுவர். இந்து, முசுலிம், கத்தோலிக்கர் என மூன்று சமயத்தாரும் சித்திகளுள் உண்டு. பிறையும் சிலுவையும் சில கவண்டுகளில் இடம்பெறும். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி டிரூவலின் துணையுடன் 2004 இல் சித்திப் பெண்கள் போர்வைக் கூட்டுறவு தோன்றியது. 2011 இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அப்போர்வைகள் காட்சிப்படுத்தப்பட்டன. சிட்லிங்கியில் மருத்துவர், வடகன்னடத்தில் பேராசிரியர். இரு சங்கங்களும் வெளியாரின் துணையால் எழுந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கற்பித்தவர்கள் வெளியார் அல்லர் என்பதும் அதே அளவு உண்மை.

பெயர் யாருடையது?

1999 ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளின் தரத்தையும் புகழையும் அது தோன்றிய நிலப்பரப்போடு பிணைக்கிறது. இச்சட்டத்தின்கீழ் 2010 இல் 'சண்டூர் லம்பாணி எம்பிராய்டரி' பதிவு பெற்றது. பல்லாரிப் பகுதியின் சண்டூரில் 1980களில் தொடங்கிய சண்டூர் குசல கலா கேந்திரம் இத்தையலை உலகறியச் செய்தது. 2023 ஜூலையில் அம்பியில் நடந்த ஜி-20 பண்பாட்டுக் குழுக் கூட்டத்தையொட்டி, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 பொருட்களைக் காட்சிப்படுத்தி அம்மையம் கின்னசு சாதனை படைத்தது. சண்டூரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஆயினும் ஊர் ஊராகப் பொதிமாடு ஓட்டிய சமூகத்தின் தையல் ஓர் ஊரின் பெயரால் பதிவானதில் முரண் உள்ளது. அதே தையல் வகையைப் பாராமகாலில் தைக்கும் பெண் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது.

தமிழ்நாட்டிலேயே மாற்று வழி ஒன்று உண்டு. 2013 இல் பதிவான தோடர் பூத்தையலுக்குச் சமூகத்தின் பெயரே குறியீடாயிற்று. தோடர் நலவாழ்வுச் சங்கமும் கீஸ்டோன் அறக்கட்டளையும் பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்தன. தோடர்கள் நீலகிரியில் மட்டும் வாழ்வதால் சமூகப் பெயரும் நிலப்பெயரும் அங்கு ஒன்றிவிட்டன. பல மாநிலங்களில் பரவிய லம்பாடிகளுக்கு அது எளிதன்று. 'தருமபுரி லம்பாடித் தையல்' என விண்ணப்பிக்க வேண்டுமானால், சண்டூர்த் தையலிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு எஞ்சிய பேட்டியாக்களின் வடிவங்களும் தையற்பெயர்களும் தமிழ்நாட்டுத் தாண்டாக்கள் வாரியாகப் பதிவாக வேண்டும். அஞ்செட்டி முதல் சித்தேரி வரையிலான பகுதியில் அப்பணி மூத்த பெண்களின் வாழ்நாளுக்குள் செய்யப்பட வேண்டியது. இதற்கிடையில் சிட்லிங்கிப் பெண்கள் ஊரின் பெயரையோ சாதியின் பெயரையோ தேர்ந்துகொள்ளாமல், எழுத்தில்லாத தம் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சங்கத்துக்கு இட்டுத் தாம் தைக்கும் துணிகளை அப்பெயரிலேயே விற்று வருகின்றனர்.