ஆசானின் மேற்பார்வையும் மாணவனின் தனித்தேடலும்

ஹிஜ்ரீ ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பக்தாதில் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் ஆவணமொன்று கொண்டுவரப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழங்கிய ஆணை அது என்றனர், கொண்டுவந்தோர். நபித்தோழர்களின் சாட்சியமும் அதில் காணப்பட்டது. அமைச்சர் அதனை ஹதீஸ் மேதை கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அவர் அதனை ஆராய்ந்து, போலி எனத் தீர்ப்பளித்தார். கைபர் வெற்றி நிகழ்ந்தது ஹிஜ்ரீ 7இல். சாட்சியாகக் குறிக்கப்பட்ட முஆவியா (ரலி) இஸ்லாத்தில் இணைந்ததோ மக்கா வெற்றியின் ஆண்டாகிய ஹிஜ்ரீ 8இல். மற்றொரு சாட்சியான ஸஅத் இப்னு முஆத் (ரலி) ஹிஜ்ரீ 5லேயே மறைந்துவிட்டார்.

இந்த ஆண்டுகள் நபிவரலாறு கற்ற மாணவர் பலருக்கும் மனப்பாடம். ஆயினும் ஓர் ஆவணத்தின் முன் அவற்றை நிறுத்தி வினா எழுப்பும் திறன் மனனத்தால் மட்டும் வருவதன்று. அத்திறனை வளர்க்கவே இன்றைய பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மேற்பார்வையின் கீழான தனி ஆய்வு என்னும் பயிற்சியை வைத்துள்ளன. மாணவன் ஒரு பொருளைத் தேர்ந்து, மூலச் சான்றுகளைத் தானே தேடிப் படித்து எழுதுகிறான். நெறியாளர் குறித்த நாட்களில் அவனைச் சந்தித்து வினவுகிறார்.

இதன் தேவையை இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் அன்றே உணர்த்தியுள்ளார். மொராக்கோ நாட்டு மதரஸாக்களில் மாணவர் தங்கிப் பயிலும் காலம் 16 ஆண்டுகள் என்றும், தூனிஸில் 5 ஆண்டுகள் என்றும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். நீண்ட காலம் பயின்றும் பலருக்குத் துறைத்தேர்ச்சி கைகூடாததற்கு அவர் கூறும் காரணம் சிந்தனைக்குரியது. அவர்கள் வகுப்பில் வாய்திறவாது அமர்ந்து, மனனத்திலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினர். அறிவுத் திறன் வேரூன்ற எளிய வழி உரையாடலும் விவாதமுமே என்பது அவர்தம் முடிவு.

இடைக்கால மதரஸாக்களில் இதற்கு வழியும் இருந்தது. ஆசிரியரின் பாடங்களிலிருந்தும் தம் வாசிப்பிலிருந்தும் மாணவர் தொகுத்த குறிப்பேடு 'தஃலீகா' எனப்பட்டது. தேர்ந்த மாணவரின் தஃலீகா காலப்போக்கில் தனி நூலாகவே வளர்வதுண்டு. ஜார்ஜ் மக்திஸி 1981இல் வெளியிட்ட கல்லூரிகளின் எழுச்சி பற்றிய நூலில் இம்மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஐரோப்பாவில் வரலாற்றுத் துறைக்கு இத்தகைய பயிற்சியை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் ராங்கே. 1825இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற அவர், சொற்பொழிவோடு அமையாமல், மாணவர் சிலரைத் தம் இல்லத்தில் கூட்டி இடைக்கால மூலங்களை ஆராயச் செய்தார். ஒருவர் எழுதியதை ஏனையோர் முன்னிலையில் திறனாய்வதும் அங்கு வழக்கம். சாக்சனி மரபு மன்னர்களின் ஆண்டு வரலாறுகளை அவரது வழிகாட்டலில் மாணவர்களே எழுதினர். முதலாம் ஹென்றி பற்றி வைட்ஸ் எழுதிய பகுதி 1837இல் வெளிவந்தது. மாணவப் பருவத்தின் உழைப்பே வைட்ஸைப் பின்னாளில் பெரும் வரலாற்றாசிரியராக்கியது.

இவ்விரு நீரோடைகளும் ஒருவரிடத்தில் சங்கமித்தன. லெபனான் நாட்டுக் கிறிஸ்தவ அறிஞர் அஸத் ருஸ்தும், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முஹம்மது அலீ பாஷா காலத்துச் சிரியாவை ஆராய்ந்து 1923இல் முனைவரானார். பின்னர் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். அக்காலத்துச் சிரியா பற்றிய அரபு ஆவணங்களைத் திரட்டிப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1939இல் 'முஸ்தலஹுத் தாரீக்' என்னும் நூலை வெளியிட்டார். 'முஸ்தலஹுல் ஹதீஸ்' எனும் கலையின் பெயரையொட்டியே நூலுக்குப் பெயர் சூட்டினார். திமிஷ்கின் ளாஹிரிய்யா நூலகத்தில் காளீ இயாள் (ரஹ்) அவர்களின் நூற்படியைக் கண்ட அவர், முஹத்திஸ்களின் ஆய்வு நுட்பத்தைப் போற்றினார். அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் சோதித்த அவர்களின் அளவுகோல்களை, மேலை நாட்டில் தாம் கற்ற ஆவண ஆய்வு முறையோடு இணைத்து மாணவர் கையில் கொடுத்தார். நம் பாரம்பரியச் செல்வத்தின் மதிப்பை, மேலைப் பயிற்சி பெற்ற பிற சமய அறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டியது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இப்பயிற்சியின் வெற்றி இருவரையும் பொறுத்தது. பொருள் குறுகியதாக இருத்தல் வேண்டும். 'அப்பாஸியர் ஆட்சி' என்பது ஒரு மாணவனுக்குக் கடல். ஓர் அமைச்சரிடம் வந்த ஓர் ஆவணம் என்பது அவன் நீந்தத்தக்க குளம். நெறியாளர் விடையைக் கூறிவிடலாகாது. 'இதனை எங்கிருந்து எடுத்தாய்? இதனைச் சொன்னவர் அங்கே இருந்தாரா?' என்று ஓயாது வினவ வேண்டும். கேட்பாரற்ற தனிமை மாணவனை வழிதவறச் செய்யும். அளவுமீறிய கட்டுப்பாடோ அவனை எதிரொலியாக்கிவிடும்.

இன்று நம் கல்லூரிகளில் ஆய்வேடு பல இடங்களில் சடங்காகிவிட்டது. பிறர் எழுத்தை அடுக்கித் தைத்து, அட்டை போட்டு ஒப்படைக்கும் மாணவரும் உளர். புரட்டாமலே ஒப்பமிடும் நெறியாளரும் உளர். எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகள் வகுத்தது. சொற்கள் எவ்வளவு ஒத்துள்ளன என்பதைக் கணினி கூறிவிடும். எழுதியவன் மூலநூலைத் திறந்தானா, அதனோடு வாதிட்டானா என்பதை அவனை எதிரே அமர்த்திக் கேட்கும் ஆசிரியரே அறிய இயலும்.

போலி ஆவணங்களும் திரிக்கப்பட்ட வரலாறுகளும் நொடியில் பரவும் காலம் இது. அவற்றைக் கண்டு கொதிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஆண்டும் பெயரும் சான்றும் காட்டி மறுப்பவர்களோ மிகக் குறைவு. மதரஸாவிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓராண்டேனும் ஒரு சிறு பொருளும், ஒரு மூலநூலும், வினவிக்கொண்டேயிருக்கும் ஓர் ஆசிரியரும் வாய்க்குமாயின் அக்குறை நீங்கத் தொடங்கும். கதீப் அவர்களின் பார்வை அத்தகைய பயிற்சியில்தான் விளையும்.