மனச்சிதைவு நோயும் குரல்தொனியும்: வெளிப்பாட்டிலிருந்து உணர்தலுக்கு நகர்ந்த ஆய்வு வரலாறு

முன்னுரை

‘நல்ல வேளை வந்தாய்’ என்னும் தொடர் வரவேற்பாகவும் அமையலாம், ஏளனமாகவும் அமையலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்துவது சொல்லன்று, குரல்தொனியே. மனச்சிதைவு நோயாளர் பலருக்கு இவ்வேறுபாட்டை உணர்வது கடினம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவாகும். எனினும், நெடுங்காலம் இக்கூறு ஆய்வின் மையத்திற்கு வரவில்லை. அதன் காரணத்தையும் பின்னர் நிகழ்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வெளிப்பாடு என்னும் நோக்கு

எமில் கிரேபெலின் 1890களில் ‘டிமென்ஷியா பிரேகாக்ஸ்’ என்னும் நோய்வகையை வகுத்தார். ஆய்கன் பிளாய்லர் 1908இல் அதற்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்னும் பெயரை முன்வைத்து, 1911இல் விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். இருவரும் உணர்ச்சி மழுங்கலை இந்நோயின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாகக் கண்டனர். ஏற்ற இறக்கமற்ற குரல் அதன் அடையாளமாயிற்று. இந்நோக்கில் கேட்பவர் மருத்துவர், கேட்கப்படுபவர் நோயாளர். நோயாளரும் பிறர் குரலைக் கேட்பவரே என்னும் உண்மை பின்தள்ளப்பட்டது.

நரம்பியல் தந்த திருப்பம்

மாற்றத்திற்கான கருவிகள் நரம்பியலிலிருந்து வந்தன. பெருமூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்ட சிலர், தொடரின் பொருளை அறிந்தும் பேசுபவரின் மனநிலையை அறிய இயலாதிருந்ததை ஹைல்மனும் உடனாய்வாளர்களும் 1975இல் காட்டினர். தொனியை வெளிப்படுத்துவதும் உணர்வதும் தனித்தனியே குன்றக்கூடும் என எலியட் ராஸ் 1981இல் வகைப்படுத்தினார். இப்பகுப்பு உளமருத்துவத்திற்கும் பயன்பட்டது. 1990இல் மர்ஃபி, கட்டிங் ஆகியோர் மனச்சிதைவு நோயாளரிடம் தொனியின் உணர்தல், வெளிப்பாடு ஆகிய இரண்டையும் சோதித்தனர். இவ்விரண்டிலும் குறைபாடு உண்டென்பதை ஹூகர்ட் குழுவினரின் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு உறுதிப்படுத்தியது.

செவிப்புலனின் பங்கு

லைட்மன், ஜாவிட் முதலியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு வினாவை மேலும் நகர்த்தியது. இரு ஒலிகளின் சுருதி வேறுபாட்டைப் பிரித்தறிவதில் இடர்ப்பட்டவர்கள், குரலிலுள்ள உணர்ச்சியை அறிவதிலும் இடர்ப்பட்டனர். இத்தொடர்பு குறைபாடு முழுவதையும் விளக்கிவிடாது. ஆயினும், ‘உணர்ச்சி குன்றியதால் தொனி புரியவில்லை’ என்னும் ஒற்றை விளக்கம் இதனால் வலுவிழந்தது.

முடிவுரை

ஆறுதலாகச் சொன்ன சொல்லுக்கு முகம் மாறாத ஒருவரை ‘உணர்ச்சியற்றவர்’ என எளிதில் முடிவுகட்டிவிடலாம். அவ்வாறுதல் அவரிடம் ஆறுதலாகவே சென்று சேர்ந்ததா என்னும் வினா அம்முடிவுக்கு முன்னரே எழுதல் வேண்டும். இந்த ஆய்வு வரலாறு புலப்படுத்துவது இவ்வினாவின் இன்றியமையாமையே. தொனியை மட்டும் நம்பாது, அன்பையும் கவலையையும் வெளிப்படையான சொற்களால் உணர்த்துவது குடும்பத்தாரும் மருத்துவரும் கருதத்தக்க வழியாகும்.