குளவி கொட்டினால் புழு குளவியாகுமா?

கூரை மூங்கிலிலே, சுவர் மூலையிலே, மாட்டி வைத்த படத்தின் பின்புறத்திலே மண்ணால் சிறு வீடு கட்டும் வேட்டுவக் குளவியைக் காணாத தமிழர் இல்லை. எங்கிருந்தோ ஈரமண்ணை உருட்டி வரும், சுவர் எழுப்பும், பச்சைப் புழுவொன்றைப் பற்றி வரும், உள்ளே தள்ளும், வாயிலை மண்ணால் பூசி அடைக்கும். பூசும்போது ஓயாத ரீங்காரம். சில வாரங்கள் கழிகின்றன. மண்வீட்டில் துளை விழுகிறது. வெளியே வருவது புழு அல்ல, குளவி!

கண்டவர்கள் என்ன சொன்னார்கள்? குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் வடிவாக்கிவிட்டது என்றனர். புழு, குளவியையே எண்ணி எண்ணித் தானும் குளவியாயிற்று என்றனர். ரீங்காரம் மந்திரமாயிற்று; மண்கூடு தவக்குடிலாயிற்று; குளவி குருவாயிற்று; புழு சீடனாயிற்று. வடமொழியாளர் இதற்குப் 'பிரமர கீட நியாயம்' என்று பெயரும் சூட்டினர். தமிழிலோ இது பழமொழியாகவே ஊன்றிவிட்டது. சீடன் குருவிடத்திலும், உயிர் இறைவனிடத்திலும் எப்படித் தோய்ந்து கிடக்க வேண்டும் என்பதற்கு இயற்கையே தந்த சான்று என்று, காலட்சேப மேடைகளிலே இது தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்கப்பட்டது.

அவர்கள் கண்டது பொய்யல்ல. புழு உள்ளே போனது உண்மை. குளவி வெளியே வந்தது உண்மை. இடையிலே நடந்தது என்ன? அதை அறிய ஒரு குச்சி போதும். கூட்டின் சுவரைப் பெயர்த்தால் போதும். பெயர்த்துப் பார்த்த சிறுவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். ஆனால், சிறுவன் கண்டது ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இருந்ததே சிறுவனுக்குச் சொல்லித் தரப்பட்டது.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவும் இதே சேற்றிலே பல நூற்றாண்டுகள் கிடந்தது. பூச்சியின் உடல் வெட்டு வெட்டாக இருப்பதைக் கண்டு அதற்கேற்பப் பெயரிட்ட கிரேக்கப் பேரறிஞன் அரிஸ்டாட்டில், தேனீயையும் வெட்டுக்கிளியையும் கூர்ந்து நோக்கியவன்; ஆயினும் சில பூச்சிகள் பனித்துளியிலும் சேற்றிலும் சாணத்திலும் தாமே பிறக்கின்றன என்றே எழுதினான். செத்த எருதின் உடலிலிருந்து தேனீக் கூட்டம் பிறக்கும் என்று ரோமாபுரிக் கவிஞன் வெர்ஜில் பாடினான். அதற்கான செய்முறையும் கூறினான். அவன் சொன்னபடி செய்து பார்த்துத் தேன் எடுத்தவர் யார் என்று கேட்பாரில்லை.

கேட்டவர் பிரான்செஸ்கோ ரெடி என்னும் இத்தாலிய மருத்துவர். 1668-இல் அவர் வெளியிட்ட நூலிலே சோதனை தெளிவாக இருக்கிறது. குப்பிகளில் இறைச்சி வைத்தார். சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றை மூடினார். மூடியதால் காற்றுப் போகவில்லை, அதனால்தான் புழு பிறக்கவில்லை என்று வாதிடுவார்களே என்று கருதி, வேறு சிலவற்றின் வாயிலே மெல்லிய துணியைக் கட்டினார். காற்று போயிற்று, ஈ போகவில்லை. துணி கட்டிய குப்பியின் இறைச்சி அழுகிற்று, நாறிற்று, ஆனால் புழுக்கவில்லை. ஈக்கள் துணியின் மேலேயே முட்டையிட்டன. இவ்வளவு தெளிந்த ரெடியும், மரத்தின் கட்டிக்குள் காணப்படும் புழுவை மட்டும் மரமே ஈன்றெடுக்கிறது என்று நம்பினார். அந்தக் கட்டியைப் பிளந்து, அதற்குள் முட்டையிட்டுச் செல்லும் பூச்சியைக் காட்ட மால்பீஜி என்னும் இன்னொரு மருத்துவர் வர வேண்டியதாயிற்று.

நம் குளவிக் கதைக்கு நெருங்கிய உறவு டச்சு நாட்டிலே கிடைக்கிறது. கூடார்ட் என்னும் ஓவியர் புழுக்களை வளர்த்து, அவை மாறும் விதங்களை வரைந்து 1660-களில் நூலாக வெளியிட்டார். ஒரே வகைப் புழுவிலிருந்து ஒருமுறை வண்ணத்துப் பூச்சி வந்தது. மறுமுறை சிறு ஈக்கள் போன்றவை கூட்டமாக வந்தன! ஒரு தாய் வயிற்றில் இரு சாதியா? இயற்கை விளையாடுகிறது என்றனர் பலர். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியரான வல்லிஸ்நேரி, டச்சுக்காரரான லீவன்ஹூக் முதலியோர் விடையைக் கண்டனர். அந்தச் சிறு பூச்சிகள் புழுவின் பிள்ளைகள் அல்ல. புழுவைத் தின்று வளர்ந்தவை. அவற்றின் தாய், புழுவின் உடலைத் துளைத்து முட்டையிட்டுச் சென்றிருந்தாள்.

தாய் என்றேன். காரணம் உண்டு. குளவியின் கொடுக்கு எது? முட்டையிடும் குழாயே காலப்போக்கில் உருமாறி நச்சூசியாயிற்று. ஆகவே கொட்டுவது பெண்ணே. ஆண் குளவிக்குக் கொடுக்கே இல்லை. தேனீக்கும் இதே நியதிதான். ஆனால் தேன்கூட்டின் தலைமைத் தேனீயை அரிஸ்டாட்டில் காலந்தொட்டு 'அரசன்' என்றே அழைத்து வந்தனர். மனிதரை மன்னன் ஆளுவது போலத் தேனீயையும் மன்னன் ஆளுகிறான். எனவே முடியாட்சி இயற்கையின் சட்டம் என்றும் வாதாடினர். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்வாமர்டாம், 17-ஆம் நூற்றாண்டிலே, அந்த 'மன்னனை' நுண்ணிய கத்தியால் அறுத்துப் பார்த்தார். உள்ளே கண்டது சினைப்பை; அது நிறைய முட்டை! மன்னனாயிருந்தது அவ்வளவும் ஒரு தாய். 43 வயதிலே 1680-இல் அவர் மறைந்தார். அவருடைய அரிய படங்கள் 1737-இல்தான் அச்சேறத் தொடங்கின.

இவ்வாறு அறுத்தறிந்த உண்மைகளால்தான் வகைப்பாடு உறுதிப்பட்டது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் குளவி, தேனீ, எறும்பு, புழுவைத் துளைக்கும் ஒட்டுண்ணிப் பூச்சி அனைத்தையும் மெல்லிய சவ்விறகு கொண்ட ஒரே வரிசையிலே நிறுத்தினார். இறகை வைத்துச் சேர்த்தது சரியாகவே இருந்தது. ஒட்டுண்ணியின் நீண்ட துளைகுழாயும் வேட்டுவக் குளவியின் கொடுக்கும் தேனீயின் கொடுக்கும் ஓர் உறுப்பின் பல உருவங்களே. இந்த வரிசையில் மட்டும் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. லின்னேயசின் மாணவர் பப்ரீஷியஸ் விவரித்த பூச்சிகளிலே நம் தரங்கம்பாடியிலிருந்து சென்றவையும் உண்டு. 1768-இல் அங்கு வந்த மருத்துவர் கோனிக், லின்னேயசின் இன்னொரு மாணவர். அவர் திரட்டி அனுப்பியவை அவை. தமிழகத்துப் பூச்சிக்கு டென்மார்க்கிலே பெயர் சூட்டப்பட்ட அந்நாளிலே, இங்கே பூச்சி குருவாகவே இருந்தது.

சரி, வேட்டுவக் குளவியின் கூட்டுக்குள்ளே உண்மையில் நடப்பது என்ன? பச்சைப் புழு கொணரும் குளவி, வெற்றுக் கூட்டின் கூரையிலிருந்து மெல்லிய நூலிலே ஒரு முட்டையைத் தொங்கவிடுகிறது. பிறகு புழுக்களை நிரப்புகிறது. வேறு சில இனங்கள் புழுவுக்குப் பதில் சிலந்திகளை நிரப்பும். முட்டை பொரிந்து வரும் குஞ்சு, குவித்து வைத்த புழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்கிறது, கூட்டுப்புழுவாகிறது, குளவியாகி வெளியேறுகிறது. புழு குளவியாயிற்று என்பது ஒரு வகையில் மெய்தான்: ஆடு புலியாவது போல!

எஞ்சியது ஒரு வினா. செத்த புழு இரண்டு நாளில் அழுகும். கூட்டுப் புழுவோ வாடாமல் கிடக்கிறது. எப்படி? பிரெஞ்சு மருத்துவர் லெயோன் தூபூர், பொன்வண்டுகளைச் சேமிக்கும் ஒரு குளவியின் வளையைத் தோண்டி, வண்டுகள் நாட்பட்டும் கெடாமல் இருப்பதைக் கண்டு, கொடுக்கின் நஞ்சிலே பதப்படுத்தும் மருந்து இருக்கிறது என்று முடிவு கட்டினார். அதைப் படித்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஐயம் பிறந்தது. அவர் பெயர் ழான் ஹென்றி பாப்ர். ஏழைக் குடியிலே 1823-இல் பிறந்தவர். அவிஞ்ஞோன் நகரில் ஆசிரியர். குறைந்த ஊதியம், நிறைந்த குடும்பம். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் இவரைப் பற்றிச் சற்று நீட்டிப் பேசுவதைத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாப்ர், கூன்வண்டு வேட்டையாடும் குளவியைத் தேடிச் சென்றார். வளையிலிருந்து எடுத்த வண்டு அசையவில்லை, ஆனால் சாகவில்லை. அதன் குடல் கழிவை வெளியேற்றிக் கொண்டிருந்தது! பிறகு, குளவி கொணர்ந்த வண்டைக் கவர்ந்துகொண்டு, உயிருள்ள வண்டொன்றை அதன் முன் வைத்தார். அவர் கண்ணெதிரிலேயே குளவி கொட்டிற்று. எங்கே? மார்பின் முதல் துண்டும் இரண்டாம் துண்டும் கூடும் மூட்டிலே, அடிப்புறத்தில், நட்ட நடுவே. உடனே வண்டு ஓய்ந்தது.

ஏன் அந்த இடம்? நமக்கு எலும்பு உள்ளே. பூச்சிக்கோ தோலே கவசம். கூன்வண்டின் கவசத்திலே ஊசி இறங்காது, மூட்டிலேதான் இறங்கும். மேலும், நம் தண்டுவடம் முதுகிலே ஓடுகிறது. பூச்சியின் நரம்புவடம் வயிற்றுப் பக்கத்திலே ஓடுகிறது. அதிலே முடிச்சு முடிச்சாக நரம்புத் திரள்கள். காலையும் இறகையும் இயக்கும் மூன்று திரள்கள் மார்பில் இருக்கின்றன. கூன்வண்டுக்கும் பொன்வண்டுக்கும் இவை நெருங்கி அமைந்தவை. ஒரு குத்திலே மூன்றும் வீழும். பாப்ர் இதைச் சொல்லி நிறுத்தவில்லை. எழுதும் பேனாவின் இரும்பு முனையிலே அம்மோனியாத் துளியைத் தொட்டு, அதே மூட்டிலே தாமே குத்தினார். திரள்கள் நெருங்கிய வண்டுகள் ஓய்ந்து கிடந்தன. திரள்கள் விலகிய வண்டுகள் துடித்துப் பின் எழுந்து நடந்தன. 1855-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. பதமும் இல்லை, மந்திரமும் இல்லை, நரம்பு முடக்கம். இறைச்சி கெடாமலிருக்க ஒரே வழி, அது உயிரோடிருப்பது!

இதே பாப்ர், பெண்களும் வந்து கேட்ட மாலை வகுப்பிலே மலரின் கருவுறுதலை விளக்கினார் என்பதற்காக மதவாதிகளின் சினத்துக்கு ஆளாகி, 1870 வாக்கிலே வேலையையும் வாடகை வீட்டையும் இழந்தார். அவருக்குக் கடன் கொடுத்துக் கைகொடுத்தவர் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பாப்ரிடம் குறையும் இருந்தது. குளவியின் குத்து தவறவே தவறாது, இத்தகைய நிறைவு படிப்படியாக வளர்ந்திருக்க முடியாது என்று கூறி டார்வினின் கொள்கையை ஏற்க மறுத்தார். இதற்கும் விடை வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலே ஆசிரியப் பணியாற்றிய பெக்கம் தம்பதியர் கூடு கூடாக ஆராய்ந்து 1898-இல் எழுதினர்: சில புழுக்கள் குத்திலேயே சாகின்றன, சில போதிய முடக்கமின்றி நெளிகின்றன, குளவிக் குஞ்சு இரண்டையும் தின்று வளர்கிறது. ஒரே இனத்துக் குளவிகளுக்குள்ளும் குத்துகிற விதம் வேறுபடுகிறது. வேறுபாடு இருக்கும் இடத்திலே வளர்ச்சிக்கு வழி இருக்கிறது.

டார்வினையே வாட்டியது இந்தக் குடும்பத்துப் பூச்சிதான். 1860-இல் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்திலே, உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளிருந்தே தின்று வளரும் ஒட்டுண்ணிகளை, அன்பும் ஆற்றலும் நிறைந்த கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். நம்மவர்கள் எந்தக் காட்சியில் இறைவனின் அருளைக் கண்டார்களோ, அதே காட்சியிலே டார்வின் அருளின் சுவடும் காணாமல் திகைத்தார். ஒருவர் கூட்டின் வெளியே நின்றார். மற்றவர் உள்ளே பார்த்தார்.

இந்தக் குடும்பத்தை அறிந்ததால் வந்த பயனை நம் உழவர் கண்டிருக்கின்றனர். முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவியை அட்டையிலே வளர்த்துக் கரும்புத் தோட்டத்திலே கட்டுகிறார்கள். தண்டுத் துளைப்பானின் முட்டை புழுவாகும் முன்பே அழிகிறது. 2008-இல் கோவையிலே ஒரு புதிய வெள்ளைப் பூச்சி தென்பட்டது. மெக்சிகோப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. பப்பாளியிலே தொடங்கி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவிற்று. மருந்து தெளித்தவர்கள் கை ஓய்ந்தனர். மெழுகு மாவு மூடிய உடலிலே மருந்து ஒட்டவில்லை. தெளித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அந்த மாவுப்பூச்சியைத் தேடிச் சென்று முட்டையிடும் நுண்குளவி இனங்கள் மூன்று வரவழைக்கப்பட்டன. பெங்களூர் ஆய்வு நிலையத்தாரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டனர். மூன்றிலே மேலோங்கியது அசெரோபேகஸ் என்பது; எள்ளினும் சிறியது. மாவுப்பூச்சியின் உடலைத் துளைத்து முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்னும். இலையைத் திருப்பினால் உலர்ந்து உப்பிய தோல்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் குளவி வெளியேறிய வட்டத் துளை ஒன்று.