மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள் பெரியவர்கள். பெண் பார்க்கும் வீட்டில் கேட்டுப் பழகிய இந்த வாக்கு, கணினி மென்பொருள் எழுதுவோரிடையே எழுதி வைத்த விதியாகவே இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

திறந்த மூல மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் கூடி எழுதுகிறார்கள். கோப்பு மேலே போய்க் கையொப்பமாகி இறங்கி வரும் ஏற்பாடு அங்கே இல்லை. அப்படியானால் யார் முடிவு செய்வது?

இணையதளங்களை நம் கணினிக்கு எடுத்து வழங்கும் 'அப்பாச்சி' என்ற மென்பொருள் 1995இல் தொடங்கியது. அந்தக் குழுவினரின் வழக்கம் இது: ஒருவர் ஒரு யோசனையை முன்வைக்கிறார். பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்கிறார்கள். உலகத்தின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரும் பார்த்துச் சொல்ல வேண்டுமே! அதற்குள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம். நிரலில் செய்யும் மாற்றத்தை, உரிமை பெற்ற ஒரே ஒருவர் மறுத்தாலும் அது நின்றுவிடும். ஆனால் அவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது.

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு முடிவு என்றவுடன் நினைவுக்கு வருவது கீழூர்தான். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. இணைவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வாக்கெடுப்பே பொருத்தம். ஆனால் அந்த எட்டுப் பேரின் காரணம் என்ன என்பதை எண்ணிக்கை சொல்லாது. கருத்தொருமிப்பு என்ற முறை அந்தக் காரணத்தைத்தான் முதலில் கேட்கிறது. பதில் சொல்ல முடிந்தால் மேலே போகலாம். முடியாவிட்டால் யோசனையைத் திருத்த வேண்டும்.

1962இல் சட்டப்படியான மாற்றம் நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது நினைவிருக்கும். மென்பொருளிலும் அப்படி ஒரு வழி உண்டு. 2010இல் 'ஓப்பன் ஆபீஸ்' குழுவில் பலர், அதே நிரலை எடுத்துக்கொண்டு 'லிப்ரே ஆபீஸ்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். போக வழி இருப்பதால், பெரும்பான்மை தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ள முடிவதில்லை.

நம் ஊர்களிலும் மரத்தடியில் கை தூக்கி எண்ணியதில்லை. பேசிப் பேசியே ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விஷயங்களைப் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். ஆனால் பழைய ஆலமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து பேசியதில்லை. சேரிக்காரர் எட்ட நின்றார். அவர்கள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுத முடியுமா?

தமிழ் எழுத்துக்கே இப்படி ஒன்று நேர்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த 1988ஆம் ஆண்டு அட்டவணையை ஒட்டி, 1991இல் 'யூனிகோடு' தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. தாலுகா அலுவலகத்தில் பெயர்களை அகர வரிசையில் எழுதியவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும்: கமலாவுக்குப் பின் வர வேண்டிய கனகா, இந்த வரிசைப்படி முன்னே வந்து நிற்பாள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்டில்தான். 1991இல் தமிழர்கள் உலகளவில் கூடிப் பேச மரத்தடியே இல்லை. ஒருமுறை தந்த இடத்தை யூனிகோடு மாற்றாது. அகர வரிசைக்கென்று தனி விதி எழுதித்தான் இன்று சமாளிக்கிறார்கள்.

2010இல் நிலைமை வேறு. கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கேட்ட முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன என்ற ஐந்து தமிழெழுத்துகளும் சேர்ந்திருந்தன. தமிழும் கிரந்தமும் கலந்து குழம்பும் என்று அறிஞர்களும் ஆர்வலர்களும் காரணத்தோடு மறுத்தார்கள். தமிழக அரசும் மத்திய அரசுக்கு எழுதியது. முடிவு தள்ளிப்போனது. 2014இல் கிரந்தம் யூனிகோடில் ஏறியபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. கிரந்தம் வேண்டியவர்களுக்குக் கிரந்தம் கிடைத்தது. மறுத்தவர்களின் கவலையும் தீர்ந்தது. நாலு வருஷம் ஆனது, அவ்வளவுதான்.

ஆகவே மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பது என் எண்ணம். சேதி எல்லோர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுப்பவர் பயமில்லாமல் வாய் திறக்க முடிய வேண்டும்.

நம் மலையைக் கல்வராயன் என்றும் எழுதுகிறோம், கல்ராயன் என்றும் எழுதுகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவில் எதை வைப்பது என்ற பேச்சு எழுந்தால், தலையை எண்ணி முடிவு செய்யமாட்டார்கள், சான்று கேட்பார்கள். பழைய கிரயப் பத்திரமும், மலை ஊர்களில் சொல்லிவந்த வழக்கும் நம் வயதுக்காரர்களிடம்தான் இருக்கின்றன. சிட்டா, அடங்கல், பசலி பற்றி யாராவது தவறாக எழுதியிருந்தாலும் அப்படியே. 'எனக்கென்ன' என்று நாம் இருந்துவிட்டால், அதையும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆலமரத்தடியில் நமக்கும் இடம் இருக்கிறது. பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரணத்தோடு ஒரு வரி எழுதுங்கள்.